ஒரு கிலோ முந்நூறு

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அது மதிப்பெண் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, வெளியே எடுத்துப் புழங்கியவர் யாரும் இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம் முடிவதற்குள் அவன் எல்லோருக்கும் ‘கிராம்’ ஆகிவிட்டான். வருகைப் பதிவு எடுக்கும் பேராசிரியரே ஒருநாள் வாய் தவறி “கிராம்” என்று கூப்பிட்டார். இவனும் “இருக்கேன் சார்” என்றான். பதிவேட்டில் எந்தப் பெயருக்கு நேரே டிக் விழுந்தது என்பது இன்றுவரை தெரியாது.

தொண்ணூற்றாறு கிலோ இருப்பவனுக்கு அப்படி ஒரு பெயர் வந்தால் கிண்டலுக்குத்தான் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். பாதி சரி. மீதிப் பாதி அவன் பார்த்த வேலை.

அந்தக் கல்லூரியில் பதினெட்டு மாணவர்கள் சேர்ந்து, பாடம் படிப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்துகொண்டிருந்தார்கள். குறிப்பாக, ஒரே ஒருவர் உட்காரக்கூடிய பந்தயக் கார் ஒன்றைத் தாங்களே வரைந்து, குழாய் வெட்டி, வெல்டிங் வைத்து, ஓட்டிப் பார்த்து, வருடத்துக்கு ஒருமுறை கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். போன வருடம் தூக்கிக்கொண்டு போனது இருநூற்று முப்பத்தொரு கிலோ. சோதனையிலேயே எண்ணெய் ஒழுகி, ஒரு சுற்றுகூடப் போகாமல் திரும்பி வந்தது. கல்லூரி இதழில் ‘சிறப்பான பங்கேற்பு’ என்று போட்டிருந்தார்கள்.

இவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் பழைய வேதியியல் கிடங்கு. கதவு சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. வேலை மேசையின் ஒரு கால் குட்டை. அதற்கடியில் வெப்ப இயக்கவியல் புத்தகம் இரண்டு பாகமும் கிடந்தன. அந்தப் புத்தகத்தால் அந்தத் துறையில் யாருக்காவது உபகாரம் நடந்தது என்றால் அது அந்த மேசைக்குத்தான். சுவரில் பெரிய வெள்ளைப் பலகை, அதில் சிவப்பு மையில் ஒரே ஒரு எண்: 200. இந்த வருடம் கார் இருநூறு கிலோவுக்குக் கீழே வர வேண்டும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது கிராமின் பொறுப்பு.

தராசு அம்மா கொடுத்தது. அம்மா பிரசவ வார்டில் நர்ஸ். பிறந்த குழந்தையை நிறுக்கும் தராசு ஒன்றை ஆஸ்பத்திரி பழசு என்று கழித்துவிட, மகனுக்கு உதவுமே என்று கேட்டு வாங்கி வந்தார். தட்டு குழந்தை படுக்கிற வாகாகக் குழிவாக இருக்கும். அதில் போல்ட்டும் நட்டும் மல்லாக்கப் படுத்துக்கொண்டு எடை பார்த்துக்கொண்டன. பெடல் செய்கிறவன் தன் பெடலைக் கொண்டுவந்து கிடத்திவிட்டு, “சுகப் பிரசவமா?” என்று கேட்பான். “எண்ணூத்திப் பத்து. உள்ள கொண்டுபோய் இன்னும் நூறு குறைச்சுட்டு வா” என்பான் கிராம்.

அவன் உயிரை வாங்கினான். நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனைகளை வெட்டச் சொன்னான். வெட்டினார்கள். தாங்கிகளில் ஓட்டை போடச் சொன்னான். போட்டார்கள். ஓட்டை போட இடமில்லாமல் போனதும், ஏற்கெனவே போட்ட ஓட்டைகளைப் பெரிதாக்கச் சொன்னான். பெயிண்ட் எழுநூறு கிராம் வரும் என்று கண்டுபிடித்து, காரைப் பாதி உடம்புக்கு மட்டும் அடிக்க வைத்தான். பின்பக்கத்தைப் பார்த்தவர்கள் பெயிண்ட் தீர்ந்துபோச்சா என்று விசாரித்தார்கள். ஓட்டுகிற பெண்ணிடம் தலைமுடியைக் கொஞ்சம் கத்தரித்தால் என்ன என்று ஒருநாள் ஆரம்பித்தான். அவள் ஸ்பானரைக் கையில் எடுத்தாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

அவள்தான் குண்டூசி. நாற்பத்தேழு கிலோ, அதில் பாதி வாய். காருக்குள் இறங்கினால் ஹெல்மெட் மட்டும் தெரியும். பிரேக்கை எங்கே மிதிக்க வேண்டும் என்பது அவளுக்கு எங்கிருந்தோ தெரிந்திருந்தது. பல பேர் அதைச் சொல்லிக்கொடுக்க வந்து, அவள் ஓட்டுவதைப் பார்த்ததும் சொல்லாமலே போனார்கள். இரண்டாவது ஓட்டுநர் நெட்டை. ஐம்பத்தெட்டு கிலோ, உயரம் மட்டும் ஊருக்கே போதும். இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு தலைவர் இருந்தான். அவனும் மாணவன்தான், ஆனால் முகத்தில் எப்போதும் மந்திரி களை. எல்லோரும் அவனைத் “தலைவரே” என்று கூப்பிட்டார்கள். அது மரியாதையா நக்கலா என்று அவன் ஒருநாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. புத்திசாலி.

சுவரில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘ஓட்டுநர் எடை அறுபது கிலோவுக்கு மேல் கூடாது.’ எழுதியவன் கிராம். முதல் கூட்டத்தில் அவனே எழுந்து நின்று அந்த விதியைச் சொன்னான். “இல்லேன்னா என்னை மாதிரி ஒருத்தன் ஓட்டுறேன்னு வந்து நிப்பான்” என்று அவனே சேர்த்தும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காரை ஓட்ட வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. முதல் வருடம், கல்லூரிக்கு வந்த மூன்றாம் நாள், யாரோ அந்தக் கிடங்குக்கு வெளியே பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் போட்டார்கள். அந்தச் சத்தம் அவன் நெஞ்செலும்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கே போய் அணியில் சேர்ந்தான். ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவன் வழக்கம் அது. போட்டோவுக்கு யாரும் சொல்வதற்கு முன் தானே கடைசி வரிசைக்குப் போய்விடுவான். நாடகத்தில் ஆள் எடுக்கும்போது, “நான் சுவரா நிக்கிறேன் டீச்சர்” என்று கை தூக்குவான். பிறர் சொல்லப்போகும் கிண்டலைத் தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் வலிக்காது என்பது அவன் கணக்கு. வலிக்கத்தான் செய்தது. கொஞ்சம் சீக்கிரமாக வலித்தது, அவ்வளவுதான்.

வீட்டில் அவன் எடை ஒரு குறையே இல்லை. அம்மாவுக்குப் பெருமை. அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், “டேய் மூட்டை” என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் வெளியாள் யாராவது அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போவாள். வீடு மாற்றித் தரும் தொழில் செய்கிற மாமாவுக்கு அவன் ஒரு வரம். விடுமுறை வந்தால் பீரோ தூக்க அவன், வேன் ஓட்டவும் அவன். அதனால்தான் லைசென்ஸ் வாங்கினான். அந்த லைசென்ஸ்தான் பிறகு அவனைக் காட்டிக்கொடுத்தது.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நெட்டை விழுந்தான். காரில் விழவில்லை. புது ஹெல்மெட் வந்த சந்தோஷத்தில் அதை மாட்டி, கண்ணாடியையும் இறக்கிக்கொண்டு விடுதி மாடிப்படியில் இறங்கியிருக்கிறான். கீழே உள்ளவர்களுக்குக் கை வேறு ஆட்டியிருக்கிறான். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹெல்மெட் தரமான ஹெல்மெட். தோள்பட்டை எலும்பு உடைந்தது.

போட்டியின் பெரிய பந்தயம் இருபத்திரண்டு சுற்று. பாதியில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இரண்டாவது ஓட்டுநர் ஏறி, மூன்று நிமிடத்துக்குள் திரும்பப் போட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு ஓட்டுநர் இல்லையென்றால் பந்தயமே இல்லை. தலைவர் அவசரக் கூட்டம் போட்டான்.

“லைசென்ஸ் இருக்கிறவங்க கை தூக்குங்க.”

பந்தயக் கார் செய்கிற பதினெட்டுப் பேரில் கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி குண்டூசி. ஒருத்தன் நெட்டை, கை கழுத்திலிருந்து தொங்கிய துணித் தொட்டிலில் இருந்தது. மூன்றாவது கை மெல்ல, யாரோ பின்னாலிருந்து நெம்புகோல் போட்டுத் தூக்குவதைப் போல எழுந்தது.

“நீயா?” என்றான் தலைவர்.

“மாமா வேன் ஓட்டுவேன்” என்றான் கிராம். அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. உள்ளே நடந்த கூத்தை யாரும் பார்க்கவில்லை.

“வேன் என்ன வேகம் போகும்?” என்று கேட்டாள் குண்டூசி.

“பீரோ இருந்தா முப்பது.”

“சரி, அதே வேகத்துல நம்ம காரும் போகும். ஏறு.”

ஏறுவது அவ்வளவு லேசில்லை. இருக்கையைக் குண்டூசிக்கும் நெட்டைக்கும் அளவெடுத்துச் செய்திருந்தார்கள். ஒவ்வொரு விரற்கடையாக அதைக் குறுக்கியவன் இவனேதான். பெரிய ஆளும் உள்ளே நுழைய முடிகிறதா என்று போட்டியில் ஒரு அளவுப் பலகையை இறக்கிப் பார்ப்பார்கள். அதற்கு இருக்கையைக் கழற்றிக்கொள்ளலாம் என்று விதி இருந்ததால், கிடங்கில் இறக்கிப் பார்த்தபோது பலகை பிரமாதமாக நுழைந்துவிட்டது. பலகைக்கு இடுப்பு கிடையாது. கிராமுக்கு இருந்தது. இடுப்புவரை இறங்கினான், அதற்குமேல் காரும் இறங்கிவரவில்லை, அவனும் இறங்கவில்லை. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து அவனை வெளியே இழுத்தார்கள். வரும்போது இருக்கையும் கூடவே வந்தது.

ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றி, ஸ்டியரிங்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஐந்து வினாடிக்குள் வெளியே வந்து நிற்க வேண்டும். தீப்பிடித்தால் தப்பிக்க. அது இன்னொரு விதி. “இவன் இருக்கிற நிலைமைல தீயே சலிச்சுப் போயிடும்” என்றான் நெட்டை. கிராம்தான் முதலில் சிரித்தான்.

இருக்கையை வெட்டி அகலமாக்கினார்கள். பெல்ட் தாங்கியை நகர்த்தினார்கள். அதற்காகச் சேஸியில் ஒரு குழாயை மாற்றி வளைத்தார்கள். நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் கிராம் வாயைத் திறக்காமல் வேலை செய்தான். ஒரு வருடமாகச் சுரண்டிச் சுரண்டி எடுத்ததை அவனே தன் கையால் திருப்பிப் பற்ற வைத்தான். எல்லாம் முடிந்ததும் காரை எடை போட்டார்கள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்றாக இருந்த கார், இருநூற்றொன்று புள்ளி இரண்டு ஆகியிருந்தது. பலகையில் அதை எழுத வேண்டியவனும் அவன்தான். எழுதினான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய்க்கு வந்தபடி பேசுகிற கூட்டம் அன்றைக்கு மட்டும் நாகரிகமாக நடந்துகொண்டது. அதுதான் அவனைக் கொன்றது.

மறுநாள் காலை கார் நிறுத்துமிடத்தில் கோன்கள் வைத்து, முதல்முறையாக அவன் ஓட்டினான். நான்கு சுற்று. முதல் சுற்றில் மூன்று கோன்களை அடித்துச் சாய்த்தான். இரண்டாவதில் ஒன்று. நான்காவதில் ஒன்றுமில்லை. பின்மண்டைக்குப் பின்னால் எஞ்சின் கத்தியது, முட்டிக்குப் பக்கத்தில் ரோடு ஓடியது, ஸ்டியரிங் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கியது. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் பல்லாக நின்றான். குண்டூசி கிட்டே வந்து, “வளைவுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் சீக்கிரம் பிரேக் பிடி. மத்தபடி பரவால்ல” என்றாள். அவள் வாயில் ‘பரவால்ல’ வந்ததே மூன்று வருடத்தில் இரண்டாம் முறை.

அவன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தானோ அவ்வளவுக்குக் குற்ற உணர்ச்சியும் இருந்தது. தான் ஓட்ட வேண்டும் என்பதற்காக, பதினேழு பேரின் ஒரு வருட உழைப்பு இருநூறைத் தாண்டிவிட்டது என்று நினைத்தான். அந்த எண் சுவரிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், காரின் பேட்டரியைக் கழற்றினான். மாமா வேனுக்குச் சாமான் வாங்குகிற கடையில் சின்னதாக ஒன்று வாங்கி வைத்திருந்தான். மோட்டார் சைக்கிளுக்குப் போடுவது. நிறுத்தான். பழையதைவிட ஒரு கிலோ முந்நூறு குறைவு.

அதைப் போட்டு எஞ்சினைக் கிளப்பினான். கிளம்பியது. அணைத்தான். இன்னொரு முறை கிளம்பியது, மூன்றாம் முறையும் கிளம்பியது. எஞ்சின் ஜில்லென்று இருந்தது என்பது அப்போது அவனுக்கு ஒரு விஷயமாகப் படவில்லை. பலகையில் போய் 199.9 என்று எழுதினான்.

தலைவர் வந்து பார்த்தான். மந்திரி களை ஒரு நிமிடம் கலைந்தது. “எங்கேர்ந்துடா குறைச்ச?”

“அங்கங்க” என்றான் கிராம்.

கேட்டிருக்கலாம். தலைவர் கேட்கவில்லை. பிடித்த எண் கண்ணெதிரே இருக்கும்போது அதை எவன் நோண்டுவான்?

ஓட்டுநர் மாற்றத்தையும் பழகினார்கள். சும்மா சொல்லக்கூடாது, நாற்பது தடவை பழகினார்கள். ஆனால் எஞ்சினைப் போட்டால் பக்கத்திலிருக்கும் நூலகத்திலிருந்து நூலகர் அம்மா சண்டைக்கு வருவார். அதனால் கிடங்குக்குள்ளேயே, அணைத்துக் கிடந்த காரில் பழகினார்கள். குண்டூசி குதித்து வெளியே வருவாள், கிராம் உள்ளே இறங்குவான், இரண்டு பேர் பெல்ட்டை இழுத்துப் பூட்டுவார்கள், நெட்டை ஒற்றைக் கையால் நேரம் பார்ப்பான். கடைசியில் கிராம் வாயாலேயே “டுர்ர்ர்” என்பான். அது ஒவ்வொரு தடவையும் சரியாகக் கிளம்பியது. பதினோரு சுற்று ஓடிக் கொதித்துப்போன எஞ்சினை அணைத்து, உடனே திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்று பதினெட்டுப் பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. எல்லோரும் பொறியியல் படித்தவர்கள்.

போட்டியில் எடை பார்க்கும் மேடையில் ஏற்றினார்கள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது. கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். வெளியே வரும் சோதனையில் கிராம் நான்கு புள்ளி ஆறு வினாடியில் வந்து நின்றான். நின்ற வேகத்தில் இன்னும் இரண்டடி போய் சோதனை அதிகாரியின் நாற்காலியையும் சாய்த்தான். அவர் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, “தேறியாச்சு. தள்ளி நில்லு” என்றார்.

கடைசி நாள் பெரிய பந்தயம். அம்மாவும் அக்காவும் வந்து கம்பி வேலிக்குப் பின்னால் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். “இதுல நம்ம பையன் எப்ப வருவான்?” என்று அம்மா பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் துளைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவர்கள் வேறு கல்லூரிக்காரர்கள்.

குண்டூசி வெளுத்துக் கட்டினாள். முப்பத்தெட்டு கார்களில் ஏழாம் இடத்தில் இருந்தாள். பாதிப் பெயிண்ட் காரைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு நேரம் பார்க்கத் தொடங்கினார்கள். பதினோராம் சுற்று முடித்து உள்ளே வந்தாள், எஞ்சினை அணைத்தாள், குதித்தாள். கிராம் இறங்கினான். பெல்ட் பூட்டியாயிற்று. ஒரு நிமிடம் ஐம்பது வினாடி, பழகியதைவிட வேகம். அதிகாரி கொடியைக் காட்டி, “போடலாம்” என்றார்.

கிராம் பொத்தானை அழுத்தினான்.

‘டக்.’

மறுபடி அழுத்தினான். ‘டக்.’ அதற்குப் பின்னால் மூச்சுத் திணறுவது போல ஒரு அரைச் சுழற்சி. மூன்றாம் தடவை அதுவும் இல்லை.

முதல் ‘டக்’கிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. சூடான எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் பலம் வேண்டும். பதினோரு சுற்று முழுக்க விசிறியும் பம்பும் அந்தக் குட்டி பேட்டரியை உறிஞ்சியிருந்தன. தள்ளிக் கிளப்பக் கூடாது, வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கக் கூடாது. எல்லா விதியும் அவனுக்கு மனப்பாடம். அழுத்திக்கொண்டே இருந்தான். அதிகாரி மூன்று நிமிடம் முடியும்வரை பொறுமையாக நின்றார். பிறகு கொடியைச் சுருட்டிக்கொண்டு, “இறங்குப்பா” என்றார்.

காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். பதினேழு பேரும் அதைச் சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் மூக்கை நுழைத்தார்கள். பெட்ரோல் ஆவியாகியிருக்கும் என்றான் ஒருவன். சென்சார் என்றான் இன்னொருவன். தலைவர் எல்லோரையும் ஒரு பிடி பிடித்தான். அப்போது வயரிங் பார்க்கிற இரண்டாம் வருடத்துப் பெண் காருக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, “நான் போட்ட ரிலேதான் போயிருக்கும். என்னாலதான்” என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தாள். அவளை யாரும் சமாதானப்படுத்தவில்லை. அவளாகத்தான் இருக்கும் என்று பாதிப் பேர் நினைத்துவிட்டார்கள்.

கிராம் சும்மா இருந்திருந்தால் அது அவள் தலையில் விழுந்திருக்கும். யாரும் பேட்டரியை நிறுத்துப் பார்த்திருக்கப் போவதில்லை. அதற்கும் தராசு அவனிடம்தான் இருந்தது. அந்த யோசனை அவனுக்கு வந்தது, வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான்.

“அழாத. பேட்டரி. நான்தான் மாத்தினேன்.”

“என்ன மாத்தின?” என்றான் தலைவர்.

“சின்னது போட்டேன். ஒரு கிலோ முந்நூறு குறைஞ்சுது. யார்கிட்டயும் சொல்லல.”

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. மந்திரி, எதிர்க்கட்சி எல்லாம் அந்த முகத்தை விட்டு ஓடிப்போய், வெறும் இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் நின்றான். “ஏழாவதா இருந்தோம்டா” என்று மட்டும் சொன்னான்.

குண்டூசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் பந்தய உடை இடுப்புவரை வியர்வையில் நனைந்திருந்தது. கழுத்தை அண்ணாந்துதான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தாள்.

“ஏன்டா மாத்தின?”

“எனக்காக இருக்கையைப் பெருசாக்கினதுல ரெண்டு கிலோ ஏறிச்சுல்ல. அதான்... நான் கனமா இருக்கேன்ல.”

“உன்னை யாரு ஈடு கட்டச் சொன்னா?” அவள் கத்திய கத்தலில் பக்கத்துக் கல்லூரி ஷெட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நாங்க யாராவது கேட்டோமா? நாலு நாள் உக்காந்து அந்த இருக்கையை வெட்டினோமே, எதுக்கு? நீ உக்காரத்தான்! பலகைல எழுதுறதுக்கா வெட்டினோம்? உன் உடம்பை நீயே ஒளிச்சு வெச்சுட்டு, எங்க காரைப் படுக்க வெச்சுட்டியேடா பாவி!”

கிராம் யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னான்.

“எனக்கு ஓட்டணும்னு ரொம்ப ஆசை. முதல் வருஷத்துலேர்ந்து.”

நெட்டைதான் தொட்டில் கையைச் சொறிந்துகொண்டே கேட்டான். “அப்ப ஏன்டா ஒருநாளும் கேக்கல?”

“அறுபது கிலோ விதி இருக்கே.”

“அதை யாரு எழுதினது?”

கிராம் தலையைக் குனிந்துகொண்டான். “நான்தான்.”

முதலில் சிரித்தது வயரிங் பெண். கண்ணீர் காயாத முகத்தோடு ஒரு விக்கல் மாதிரி வந்தது. அப்புறம் நெட்டை, அப்புறம் எல்லோரும். தலைவர் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. அந்தச் சிரிப்பில் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அது அப்படியே இருந்தது. தலைவர் அடுத்த இரண்டு வாரம் அவனோடு பேசவே இல்லை. ஆனாலும் சிரித்தார்கள். கிராம் நடுவில் நின்று அழுதான். பீரோ தூக்குகிற தோள் இரண்டும் குலுங்க, வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதான். முந்திக்கொண்டு சொல்ல அவனிடம் அன்றைக்கு ஒரு கிண்டலும் இல்லை.

லாரி அரை கிலோமீட்டர் தள்ளி நின்றது. காரைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தள்ளும்போது உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கும் பிரேக்கும் பார்க்க வேண்டும் என்பது போட்டி விதி. லேசானவள் என்று எப்போதும் குண்டூசி உட்காருவாள், பலசாலி என்று கிராம் பின்னால் நின்று தள்ளுவான். அவன் வழக்கம்போல மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்னால் போய்க் குனிந்தான்.

குண்டூசி அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். “நீ போய் உக்காரு.”

“வேணாம். ரொம்ப கனம். உங்களால முடியாது.”

“வாயை மூடிட்டு உக்காருடா.”

உட்கார்ந்தான். இருக்கை அவனுக்குச் சரியாக இருந்தது. பின்னால் பதினாறு பேரும், தோள் உடைந்த நெட்டை தன் நல்ல கையாலும், “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று தள்ளினார்கள். தொடக்கத்தில் கார் அசையவில்லை. “உண்மையிலேயே கனமாத்தான்டா இருக்க!” என்று தலைவர் முனகினான். யாரோ “பிரேக்லேர்ந்து காலை எடுடா எருமை!” என்று கத்தினார்கள். எடுத்தான். கார் நகர்ந்தது.

முப்பத்தேழு கல்லூரி ஷெட்டுகளுக்கு முன்னால் அவர்கள் போனார்கள். ஓடி முடித்தவர்களும், ஒழுகி நின்றவர்களும் வெளியே வந்து பார்த்தார்கள். கிராமின் கண் வீங்கியிருந்தது, ஆனாலும் வளைவில் காரைச் சரியான இடத்தில் திருப்பினான். கம்பி வேலி பக்கம் வந்தபோது அங்கே குடையும் கையுமாக அம்மா எழுந்து நின்றிருந்தார். பந்தயம் முடிந்ததா, ஆரம்பிக்கப் போகிறதா என்று அவருக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. மகன் காரில் வருகிறான் என்பது மட்டும் தெரிந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

“டேய்! மெதுவாப் போடா!”

பின்னால் தள்ளிக்கொண்டிருந்த பதினேழு பேரும் சிரிப்பில் கால் தடுமாறினார்கள். கிராம் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அம்மாவைப் பார்த்து ஆட்டினான்.

“ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்” என்றாள் குண்டூசி, மூச்சு வாங்கியபடி.